ரங்கூன் செய்தி லண்டன் வழியாக வந்த காலம்

1988 ஆகஸ்டில் ரங்கூன் தெருக்களில் என்ன நடக்கிறது என்பதை ரங்கூன்காரர்களுக்கே லண்டன்தான் சொன்னது. சூலே பகோடா பக்கம் துப்பாக்கி வெடித்தால் அடுத்த தெருவில் இருப்பவருக்குச் சத்தம் காதில் விழுந்திருக்கும். சுடச் சொன்னது யார், விழுந்தது எத்தனை பேர், மாந்தலேயிலும் இதே நிலைதானா என்பதெல்லாம் தெரிய வேண்டுமானால், கதவைச் சாத்திவிட்டு ரேடியோவைத் திருகி பிபிசியின் பர்மியச் செய்தியைப் பிடிக்க வேண்டும். அதே ஒலிபரப்பை வங்காள விரிகுடாவுக்கு இந்தப் பக்கம், திருச்சியை ஒட்டிய ஒரு காலனியில் நாங்களும் பிடித்துக்கொண்டிருந்தோம். பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் நாங்கள். நம் பத்திரிகைகளில் பர்மா என்றால் உள்பக்கத்தில் நாலு வரி வரும். எங்களுக்கு அது போதாது. எங்கள் ஆட்கள் அங்கே இருந்தார்கள்.

இந்த நிலை எப்படி வந்தது என்பதைச் சொல்ல 1962-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி ஜெனரல் நே வின், ஊ நூவின் அரசைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கி, ஆலை, மொத்த வியாபாரம், கடைசியில் தெருமுனைக் கடை வரை அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். இந்தியர்கள் கப்பல் கப்பலாகக் கிளம்பினார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் வெளியேறியவர்கள் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர். அவர்களில் பெரும்பங்கு தமிழர்கள். என் அப்பா ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளை. நாங்கள் கப்பல் ஏறியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பணம், நகை எதையும் எடுத்துவர விடவில்லை. வீட்டில் இருந்த ரேடியோவை அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார். அப்பாவின் தங்கை மட்டும் பெகுவிலேயே தங்கிவிட்டார். மாமா அங்கே பால்மாடு வைத்திருந்தார். மாடுகளை விட்டுவிட்டு வர அவருக்கு மனம் இல்லை.

எங்களை அனுப்பிய பிறகு அந்த நாடு கதவைச் சாத்திக்கொண்டது. தனியார் பத்திரிகைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன அல்லது அரசின் கைக்குப் போயின. சுற்றுலா வருகிறவர்களுக்கு முதலில் 24 மணி நேரம்தான் விசா கொடுத்தார்கள். 1970-இல் அதை ஏழு நாளாக்கினார்கள். வெளிநாட்டு நிருபர்களுக்கு அதுவும் சிரமம். அத்தை எழுதும் கடிதம் பிரித்து ஒட்டப்பட்டு வரும். எல்லாரும் சுகம், மழை நன்றாகப் பெய்தது, மாடு கன்று போட்டது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது.

கடிதம் சொல்லாததை ரேடியோ சொல்லுமா என்று அப்பா தேடத் தொடங்கினார். திருச்சி வந்து சில வருடம் கழித்து, பழைய மர்ஃபி வால்வு செட் ஒன்றை வாங்கி வந்தார். அதைப் பழுது பார்க்கப் போய்த்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். கடை வைத்து ரேடியோ, பிறகு டேப் ரெக்கார்டர், பிறகு டிவி என்று நாற்பது வருடத்துக்கு மேல் சாலிடரிங் அயனோடு வாழ்ந்தவன் நான். அந்த மர்ஃபி செட்டுக்குத் தென்னை மரத்திலிருந்து மூங்கில் கழி வரை செம்புக் கம்பி இழுத்து, இரு முனையிலும் பீங்கான் போட்டு ஏரியல் கட்டினேன். ஏரியலை வடக்கு தெற்காக இழுத்தால் கிழக்கிலிருந்து வரும் ரங்கூன் நன்றாக ஏறும். மழை பெய்து கம்பி தொய்ந்தால் அன்று ராத்திரி செய்தி தேயும்.

சிற்றலையின் சூட்சுமம் எளிது. தரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேலே, வெயிலால் மின்னேறிய காற்றடுக்குகள் இருக்கின்றன. சிற்றலை அவற்றில் பட்டுத் திரும்பித் தரைக்கு வருகிறது, மறுபடி எழும்புகிறது, மறுபடி இறங்குகிறது. பகலில் கீழடுக்கு ஒன்று குறைந்த அலைவரிசைகளை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோகும். அதனால்தான் 60 மீட்டர் பட்டையில் 4725 கிலோஹெர்ட்ஸில் பேசிய ரங்கூன் வானொலி பகலெல்லாம் ஊமையாக இருந்து, விளக்கு வைத்த பிறகு எங்கள் காலனிக்கு வந்தது. சைங் வைங் வாத்தியம் முழங்கும். அம்மாவுக்கு அது போதும். அது முடிந்ததும் செய்தி. எந்த அமைச்சர் எந்தப் பண்ணையைப் பார்வையிட்டார், எந்த ஜில்லாவில் எத்தனை கூடை நெல் விளைந்தது என்று ஏற்ற இறக்கமே இல்லாத குரலில் படிப்பார்கள். அரை மணி நேரம் கேட்டாலும் நாட்டில் ஒரு மனிதனுக்குக் கூடத் தலைவலி வந்ததாகத் தெரியாது.

அந்தக் குரலுக்கு எதிரே இன்னும் இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்று பிபிசியின் பர்மியச் சேவை. 1940-இல் தொடங்கியது, தமிழோசையைவிட ஒரு வருடம் மூத்தது. சிங்கப்பூர் கிராஞ்சியில் இருந்த மறு ஒலிபரப்பு நிலையத்தின் வழியாக வந்ததால் எங்கள் பக்கத்திலும் கணீரென்று கேட்கும். இன்னொன்று நம் அகில இந்திய வானொலியின் பர்மிய ஒலிபரப்பு. தில்லியில் அதில் பேசியவர்களில் ஒருவர் தான் தான் நூ. நே வின் கவிழ்த்தாரே, அந்த ஊ நூவின் மகள். ஊ நூவே சில ஆண்டுகள் போபாலில் அடைக்கலமாக இருந்தவர். 1988-இல் தான் தான் நூவின் குரல் ரங்கூன் அரசுக்குப் பெரிய எரிச்சலைத் தந்தது. இந்திய அரசு அந்த வருடம் மாணவர்கள் பக்கம் வெளிப்படையாக நின்றது. பிற்பாடு தில்லி தன் போக்கை மாற்றி ராணுவத்தோடு கைகுலுக்கியது என் மனதில் ஆறாத வருத்தம். ஆனால் அந்த ஒரு வருடத்துக்காக நம் வானொலியை நான் என்றும் நன்றியோடு நினைப்பேன்.

மூன்று நிலையங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பது எங்கள் வழக்கம். முதலில் ரங்கூன் என்ன சொல்லாமல் விட்டது என்று கவனிக்க வேண்டும். பிறகு லண்டன். பிறகு தில்லி. இரண்டு வெளி நிலையமும் ஒரே ஊரின் பெயரைச் சொன்னால் அது நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். ஒன்று மட்டும் சொன்னால் மறுநாள் வரை பொறுப்போம். எங்கள் காலனியில் பர்மிய மொழி தெரியாதவர் குறைவு. ஆனாலும் காது மந்தமான பெரியவர்களுக்காக நான் நோட்டில் குறித்துக்கொண்டு மறுநாள் காலை டீக்கடையில் படித்துக் காட்டுவேன்.

கிளர்ச்சிக்கு விதை போட்டவர் நே வின்தான். 1987 செப்டம்பர் 5-ஆம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டுகளைச் செல்லாததாக்கினார். மாற்றிக்கொள்ள வழியே கொடுக்கவில்லை. புழக்கத்தில் இருந்த பணத்தில் பாதிக்கு மேல் ஒரே நாளில் காகிதமாகிப்போனது. அதற்குப் பதில் 45, 90 கியாட் நோட்டுகள் வந்தன. ஒன்பதால் வகுபடும் எண் அவருக்கு ராசி என்று ஊர் முழுக்கப் பேச்சு. பரீட்சைக் கட்டணம் கட்ட வைத்திருந்த பணம் கையிலேயே செத்துப்போன மாணவர்கள் அன்றே தெருவுக்கு வந்தார்கள். பெகுவில் மாமா பால் விற்றுச் சேர்த்த பணமும் இப்படித்தான் போயிற்று என்பது எங்களுக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

1988 மார்ச் 12-ஆம் தேதி ரங்கூன் தொழில்நுட்பக் கழகத்துப் பக்கம் ஒரு தேநீர்க்கடையில் எந்தப் பாட்டுக் கேசட்டைப் போடுவது என்று தகராறு. அடிதடி ஆனது. அடித்தவன் ஆளுங்கட்சிப் புள்ளியின் மகன் என்பதால் வெளியே விட்டுவிட்டார்கள். மறுநாள் போராடிய மாணவர்கள் மேல் சுட்டதில் போன் மோ என்ற மாணவர் செத்தார். 16-ஆம் தேதி இன்யா ஏரிக் கரையில் ஊர்வலத்தை மறித்து அடித்தார்கள். பலர் ஏரியில் மூழ்கினார்கள். 18-ஆம் தேதி பிடித்த மாணவர்களை ஒரு போலீஸ் வேனில் திணித்து இன்செய்ன் சிறைக்கு ஓட்டிப் போனார்கள். உள்ளே 41 பேர் மூச்சு முட்டிச் செத்துப்போனார்கள்.

அந்த மாதங்களில் ரங்கூன் வானொலி வழக்கம்போல நெல் கணக்குப் படித்துக்கொண்டிருந்தது. வேனில் செத்த 41 பேரை அரசு ஒப்புக்கொண்டது ஜூலை 19-ஆம் தேதி, நான்கு மாதம் கழித்து. இடைப்பட்ட காலத்தில் அந்த வேனைப் பற்றிய பேச்சு வெளிநாட்டு ஒலிபரப்புகளில் வந்துவிட்டது. ஜனங்கள் ரங்கூன் வானொலியை நம்புவதை விட்டே பல வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் அது பொய் சொன்னது என்பதை அதே வானொலி வாயால் கேட்டது அன்றுதான்.

நான்கு நாள் கழித்து, ஜூலை 23-ஆம் தேதி, நே வின் கட்சி மாநாட்டில் பதவி விலகுவதாக அறிவித்தார். பல கட்சி ஆட்சி வேண்டுமா என்று ஜனங்களிடம் வாக்கெடுப்பு நடத்தலாம் என்றார். எங்கள் காலனியில் ஒரே கொண்டாட்டம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பேச்சின் இறுதியில் கிழவர் சொன்னதை அவர் பிடித்துக்கொண்டார். ராணுவம் சுட்டால் ஆளைப் பார்த்துத்தான் சுடும், பயமுறுத்த வானத்தைப் பார்த்துச் சுடாது என்று நே வின் எச்சரித்திருந்தார். "போறவன் இப்படிப் பேசுவானாடா?" என்று கேட்டார் அப்பா. அவருக்குப் பின் பதவிக்கு வந்த செய்ன் லுவின், மாணவர்களைச் சுட்ட படைகளை நடத்தியவர். ரங்கூனின் கசாப்புக்காரர் என்று ஜனங்கள் பெயர் வைத்திருந்தார்கள்.

இங்கேதான் பிபிசியின் நிருபர் கிறிஸ்டோபர் கன்னஸ் வருகிறார். ஜூலை கடைசியில் ரங்கூனுக்குள் வந்த அந்த இளைஞரை நே மின் என்ற வழக்கறிஞர் மாணவர்களிடம் சேர்த்துவைத்தார். காவலில் பட்ட சித்திரவதைகளை மாணவர்கள் அவருடைய டேப்பில் பேசினார்கள். நாடு தழுவிய வேலைநிறுத்தம் எந்த நாள் என்பதையும் சொன்னார்கள். 1988-ஆம் ஆண்டு எட்டாம் மாதம் எட்டாம் தேதி. நே வினின் ஒன்பதுக்கு எதிராக மாணவர்கள் எடுத்த நாலு எட்டு. ஆகஸ்ட் 6-ஆம் தேதி வாக்கில் அந்தப் பேட்டிகள் பிபிசியில் போனதும் நாடெங்கும் தேதி பரவியது. ரகசியமாகத் துண்டுத்தாள் ஒட்டி ஒரு ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த விஷயம் ஒரே ராத்திரியில் எல்லா ஊருக்கும் போய்விட்டது.

8-ஆம் தேதி காலை 8 மணி 8 நிமிடத்துக்குத் துறைமுகத் தொழிலாளிகள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். மாணவர், பிக்கு, நர்ஸ், அரசு ஊழியர் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். பகல் முழுக்க ராணுவம் பார்த்துக்கொண்டு நின்றது. ராத்திரி பதினொன்றரை மணி சுமாருக்கு லாரிகள் நகர் மண்டபத்துப் பக்கம் வந்தன. சுடத் தொடங்கினார்கள். மறுநாள் சகாயிங்கில் சுட்டார்கள். 10-ஆம் தேதி ரங்கூன் பொது மருத்துவமனை வாசலில் சுட்டதில் காயம் கட்டிக்கொண்டிருந்த நர்ஸுகள் மேலும் குண்டு பாய்ந்தது.

அந்த ராத்திரிகளை நான் மறக்க மாட்டேன். டிரான்சிஸ்டரை வீட்டுத் திண்ணையில் வைத்து, ஏரியல் ஒயரை ஜன்னல் வழியாக இழுத்துச் செருகியிருந்தேன். திண்ணையிலும் தெருவிலும் ஜனம். முள்ளை ஒரு மயிரிழை நகர்த்தினாலும் பக்கத்து நிலையத்தின் ஊளை வந்து மோதும். அதனால் குமிழைத் தொட எனக்கு மட்டும்தான் உரிமை. குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோலத் தேய்ந்து, பிறகு மேலே வரும். தேயும் நேரத்தில்தான் ஊர்ப் பெயர்களைப் படிப்பார்கள். பெகு என்ற பெயர் வருகிறதா என்று அப்பா குனிந்து காதை ஸ்பீக்கரிலேயே வைத்துக்கொள்வார். பக்கத்து வீட்டு ஆச்சியின் மூத்த மகன் மொல்மீனில் இருந்தான். "தம்பி, மொல்மீன்னு சொன்னாங்களா?" என்று ஒவ்வொரு இடைவெளியிலும் கேட்பார். சொல்லவில்லை ஆச்சி என்பேன். அது ஆறுதலா, அல்லது அங்கே நடந்தது லண்டனுக்குப் போய்ச் சேரவில்லையா என்று எங்கள் யாருக்கும் தெரியாது. சிற்றலை கேட்பதன் வேதனையே இதுதான். சொன்னதைவிடச் சொல்லாதது ஆளைக் கொல்லும்.

ஆகஸ்ட் 12-ஆம் தேதி செய்ன் லுவின் இறங்கினார். மூன்று வாரம்கூட அவரால் உட்கார முடியவில்லை. 19-ஆம் தேதி மவுங் மவுங் என்ற சட்ட நிபுணர் வந்தார். 26-ஆம் தேதி ஷ்வேடகோன் பகோடாவின் மேற்கு வாசலில் லட்சக்கணக்கான ஜனங்கள் முன்னால் ஆங் சான் சூகி பேசினார். அதுவரை அவரை விடுதலைத் தலைவர் ஆங் சானின் மகள் என்று மட்டுமே எங்களுக்குத் தெரியும். ரங்கூனில் புதிது புதிதாகப் பத்திரிகைகள் முளைத்தன. அமெரிக்கக் கப்பற்படை கிட்டே வந்துவிட்டது, காப்பாற்றப் போகிறார்கள் என்று ஒரு பேச்சும் பரவியது. எந்தக் கப்பலும் காப்பாற்ற வரவில்லை.

செப்டம்பர் 18 ஞாயிற்றுக்கிழமை. பர்மிய நேரம் மாலை 4 மணிக்கு ரங்கூன் வானொலி வழக்கமான நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு ஓர் அறிவிப்பைப் படித்தது. ஜெனரல் சோ மவுங் தலைமையில் ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டது. நமக்கு அப்போது மூன்று மணி, 4725 எட்டாத வேளை. இருட்டிய பிறகு திருப்பித் திருப்பிப் படித்தபோதுதான் நாங்கள் கேட்டோம். இரவு 8 முதல் காலை 4 வரை ஊரடங்கு. ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது. நடுநடுவே ராணுவ அணிவகுப்பு இசை. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அடுத்த சில நாளில் தெருவில் செத்தவர்களைச் சேர்த்து அந்த வருடம் மாண்டவர்கள் சில நூறு பேர் என்றது அரசு. வெளியே பரவலாகச் சொல்லப்படும் எண்ணிக்கை 3,000.

ராணுவம் பழியை ரேடியோ மேல் போட்டது. பிபிசியும் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவும் தூண்டிவிட்டுத்தான் நாடு எரிந்தது என்று அரசுப் பத்திரிகை வாரக்கணக்கில் எழுதியது. 1990-இல் அந்த இரண்டு நிலையங்களின் ஒலிபரப்புகளுக்கு மறுப்பாக 'வானம் நிறையப் பொய்' என்ற பொருளில் தலைப்பு வைத்து ஆங்கிலத்தில் புத்தகமே போட்டார்கள். இந்தக் குற்றச்சாட்டை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். தேதியைப் பரப்பியதில் பிபிசிக்குப் பங்கு உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் தேதியைக் குறித்தவர்கள் மாணவர்கள். அவர்களுக்குக் கோபத்தைக் கொடுத்தது செல்லாத நோட்டும் அந்த வேனும். சொந்த வானொலி அந்த 41 பேரின் பெயரை மார்ச்சிலேயே சொல்லியிருந்தால் யாரும் லண்டனைத் திருகியிருக்க மாட்டார்கள். இது என் தீர்மானமான கருத்து.

இதற்கான விலையை லண்டனில் இருந்தவர்கள் கொடுக்கவில்லை. வழக்கறிஞர் நே மினை அந்த வருடமே பிடித்தார்கள். பிபிசிக்குப் பொய்ச் செய்தி அனுப்பினார் என்று 14 ஆண்டு கடுங்காவல். கேட்டவர்களும் தப்பவில்லை. 2000-ஆம் ஆண்டு வாக்கில் கச்சின் பகுதியில் ஷ்வேகு என்ற ஊரில், தன் தேநீர்க்கடையில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா செய்தியை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்த முதியவர் ஒருவருக்கு இரண்டு ஆண்டு சிறை விதித்தார்கள். எழுபது வயது மனிதர். என் தொழிலில் ஒரு நாளைக்கு எத்தனை ரேடியோவைச் சத்தமாக வைத்துச் சோதித்திருப்பேன். அந்தச் செய்தியைப் படித்த அன்று கடையில் வேலை ஓடவில்லை.

தங்கள் குரல் காற்றில் போக வேண்டும் என்பதற்காக உயிரையே பணயம் வைத்தவர்களும் உண்டு. 1990 நவம்பர் 10-ஆம் தேதி இரண்டு பர்மிய மாணவர்கள் பாங்காக்கிலிருந்து ரங்கூன் போன தாய் விமானத்தைக் கல்கத்தாவுக்குத் திருப்பினார்கள். கையில் இருந்தது போலி வெடிகுண்டு. அவர்களின் முக்கியக் கோரிக்கை பத்திரிகையாளர்களைக் கூட்டிப் பேசவிட வேண்டும் என்பது. பேசிவிட்டுச் சரணடைந்தார்கள். பயணிகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. விமானக் கடத்தலை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த மே மாதம் நடந்த தேர்தலில் சூகியின் கட்சி 392 இடங்களில் வென்றிருந்தது, ராணுவம் ஆட்சியைக் கொடுக்கவில்லை, உலகம் அதை மறக்கத் தொடங்கியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த இருவரில் சோ மியிண்ட் பிற்பாடு தில்லியில் இருந்துகொண்டு மிஸ்ஸிமா என்ற செய்தி நிறுவனத்தைத் தொடங்கினார்.

சூகி 1989 ஜூலை 20 முதல் வீட்டுக்காவலில். தொலைபேசி இல்லை, பார்வையாளர் அபூர்வம், சிற்றலை ரேடியோ மட்டும் இருந்தது. தினமும் பல மணி நேரம் அதைக் கேட்டதாகப் பின்னாளில் அவரே சொன்னார். தனக்கு 1991-இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்ததையும் ரேடியோவில்தான் அறிந்தார். ரோஹிங்கியா மக்கள் விஷயத்தில் அவர் பின்னாளில் நின்ற இடத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அகதியாக வந்தவன் அதை ஏற்கக் கூடாது. ஆனால் அந்த வீட்டில் அந்த ரேடியோ அருகே அவர் உட்கார்ந்திருந்த வருடங்களின் பெருமையை அது அழித்துவிடாது.

1992 ஜூலை 19-ஆம் தேதி, பர்மாவின் தியாகிகள் தினத்தில், நார்வேயிலிருந்து பர்மிய ஜனநாயகக் குரல் என்ற சிற்றலை ஒலிபரப்பு தொடங்கியது. நாட்டை விட்டு ஓடிய மாணவர்களே நடத்தியது. 1997-இல் ரேடியோ ஃப்ரீ ஏசியாவின் பர்மிய ஒலிபரப்பும் வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் அத்தை ஒருமுறை திருச்சிக்கு வந்து போனார். அப்பா அப்போது இல்லை. என் கடையில் உட்கார்ந்து, 1988-இல் தாங்கள் கேட்ட கதையை அத்தை சொன்னார். அக்கம்பக்கத்தில் யார் எப்படிப்பட்டவர் என்று தெரியாது. அதனால் மாமா ரேடியோவைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு கேட்பாராம். கேட்டு முடித்ததும் முள்ளை ரங்கூன் நிலையத்துக்குத் திருப்பி வைத்துவிட்டுத்தான் அணைப்பாராம். யாராவது வந்து போட்டுப் பார்த்தால் அரசு வானொலிதான் பாடும். "நாங்க கேட்டதையேதான் நீங்களும் இங்க கேட்டீங்களா?" என்று அத்தை திரும்பத் திரும்பக் கேட்டார். அதே ராத்திரி, அதே நிலையம் என்றேன். அவருக்கு நம்ப முடியவில்லை.

2007-இல் பிக்குகள் கவிழ்த்த பிச்சைப் பாத்திரத்தோடு ஊர்வலம் போனபோது அரசு செப்டம்பர் கடைசியில் இணையத்தை அறுத்தது. இணையத்தில் வந்த படங்கள் ஓரிரு நாளில் நின்றன, சிற்றலை நிற்கவில்லை. 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி மறுபடி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. முகநூலை முடக்கினார்கள், கைபேசி இணையத்தை அறுத்தார்கள், சாட்டிலைட் டிஷ்ஷைத் தடை செய்தார்கள். ஜனங்கள் மறுபடி சின்ன சீன ரேடியோக்களைத் தேடிப் போனார்கள். செல்போன் கோபுரத்தை அணைக்க ஒரு உத்தரவு போதும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வானத்தில் பட்டு இறங்கும் அலையை அணைக்க உத்தரவு போட முடியாது. அதன் மேல் இரைச்சலைப் பாய்ச்சலாம், அதற்கும் பெரிய செலவாகும்.

அதை அணைப்பவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். கணக்குப் பார்ப்பவர்கள். பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றது. 2025 மார்ச் நடுவில் அமெரிக்க அரசு வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது, ரேடியோ ஃப்ரீ ஏசியாவுக்கான பணத்தையும் நிறுத்தியது. இரண்டு வாரத்தில், மார்ச் 28-ஆம் தேதி, சகாயிங் பக்கம் 7.7 அளவில் நிலம் அதிர்ந்தது. மாந்தலே இடிந்து கிடந்தது. எந்தப் பாலம் நிற்கிறது, எங்கே மருத்துவர் இருக்கிறார் என்று ஜனங்களுக்குச் சொல்ல வேண்டிய அந்த நேரத்தில், முப்பத்தேழு வருடம் முன்பு அவர்கள் திருகிப் பிடித்த குரல்களில் ஒன்று காற்றில் இல்லை. ஒரு சிற்றலை நிலையத்தை மூடுவதால் மிச்சமாகும் பணம் இந்த நஷ்டத்துக்கு ஈடாகாது.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பர்மாவிலிருந்து வந்த பெரியவர்கள் இன்னும் கொஞ்ச காலமே நம்மோடு இருப்பார்கள். வியாசர்பாடியிலோ திருச்சியிலோ மணிப்பூர் எல்லையில் மோரேயிலோ அப்படி ஒருவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், 1988-இல் எந்த நிலையத்தைக் கேட்டார்கள், யாரோடு கேட்டார்கள், எந்த ஊர்ப் பெயருக்காகக் காத்திருந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். என் நோட்டுகளில் பாதி கரையானுக்குப் போய்விட்டது. மீதியை யார் வந்து கேட்டாலும் கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.